பழைய ஃப்ளை ரீலை வீட்டிலேயே செப்பனிடுவது எப்படி?

செயற்கை ஈயைக் கட்டி மீன்பிடிக்கும் தூண்டிலில் கயிற்றை (லைனை) சுற்றிவைக்கும் கருவிதான் ஃப்ளை ரீல். ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய ரீல் ஒன்று கைக்கு வந்தால் உடனே திருப்புளியைத் தேடாதீர்கள். முதலில் காதருகே வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பாதிக் கோளாறு சத்தத்திலேயே தெரிந்துவிடும். மந்தமாக, சேற்றில் இழுபடுவதுபோல் சுற்றினால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் "கரக்" என்று உரசினால் ஸ்பூலின் (லைன் சுற்றும் உருளையின்) விளிம்பு எங்கோ நசுங்கியிருக்கிறது. கிளிக் ஒலி சீராக வந்து ஓரிடத்தில் மட்டும் தாவினால் பல்சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கிறது. ஒலியே இல்லையென்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றி எறிந்திருப்பார்.

இந்த வழிகாட்டி முழுவதும், சுற்றும்போது பல்சக்கரத்தில் ஓர் உலோக நாக்கு தட்டி ஒலியெழுப்பும் "கிளிக்" வகை ரீல்களைப் பற்றியது. இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள ஆன்விக் ஊரில் 1872-இல் தொடங்கிய ஹார்டி நிறுவனத்தின் லைட்வெயிட் வரிசை, ரெடிச் நகரின் ஜே.டபிள்யூ. யங் நிறுவனத்தின் பியூடெக்ஸ், பிரிடெக்ஸ், காண்டெக்ஸ் ஆகியவை இந்த வகை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரிலிருந்து வந்த ஃப்ளூகர் மெடலிஸ்ட் ரீலுக்கும் கழுவுவது, எண்ணெயிடுவது, ஒடுக்கு எடுப்பது எல்லாம் இதே முறைதான். அதன் பிரேக் அமைப்பு மட்டும் வேறு. நீலகிரியிலும் மூணாறிலும் நுவரெலியாவிலும் ஆங்கிலேயர்கள் குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதால், மலைத்தோட்டத்துப் பழைய பெட்டிகளிலிருந்து இப்படியொரு ரீல் நம் பக்கத்திலும் வெளிப்படலாம்.

கற்றுக்கொள்ள யங் நிறுவனத்தின் ரீல்களே ஏற்றவை. எண்ணிக்கையில் நிறைய வந்தவை, விலையும் குறைவு. பக்கத்தில் பித்தளைத் தகடு பதித்த பழைய ஹார்டி பெர்ஃபெக்ட் கிடைத்தால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 1891-இல் சந்தைக்கு வந்த அந்த மாடலின் தொடக்ககாலப் பதிப்புகளைச் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். அதன் மங்கிய நிறத்துக்கே அவர்கள் விலை கொடுக்கிறார்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கும் பழக்கம் நம் கையில் ஊறியது; அந்தக் கையால் இந்த ரீலைத் தொட்டால் ஒரே மதியத்தில் அதன் மதிப்பில் பெரும்பங்கு போய்விடும். உள்ளே பந்துத் தாங்கியும் (பால் பேரிங்) இருக்கிறது. குண்டுகள் உருண்டு தொலைந்தால் அதே அளவில் தேடிப்பிடிப்பது பெரும்பாடு.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு கிளிக் ரீலில் பாகங்கள் அதிகம் இல்லை. அலுமினியத்தில் வார்த்த ஃபிரேம், அதன் நடுவில் நிலையாக நிற்கும் எஃகு ஸ்பிண்டில் (அச்சுக்கம்பி), அந்த ஸ்பிண்டிலின் மேல் சுழலும் ஸ்பூல். ஸ்பூலின் பின்புறம் சிறிய பல்சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஃபிரேமின் உட்புறத்தில் முக்கோண வடிவ உலோக நாக்கு ஒன்று நின்று அந்தப் பற்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாக்கைப் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்துகிறது. வெளியே உள்ள குமிழைத் திருகினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் கூடும், குறையும்.

புதியவர்கள் பலர் இந்த நாக்கை மீனை நிறுத்தும் பிரேக் என்று நினைத்து ஸ்பிரிங்கை இறுக்கோ இறுக்கென்று இறுக்குகிறார்கள். இதன் வேலை அதுவன்று. மீன் திடீரென்று இழுக்கும்போது ஸ்பூல் வேகம் பிடித்துத் தன்போக்கில் சுழன்று லைன் சிக்கலாகாமல் பார்த்துக்கொள்வதே இதன் வேலை. மீனை நிறுத்துவது ஸ்பூலின் விளிம்பில் வைக்கும் உள்ளங்கைதான். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பழுதுபார்ப்பில் பாதித் தவறுகள் நேராது.

கருவிகள்

கருவிகளில் பணம் செலவிடத் தகுந்தது ஒன்றே ஒன்று: நல்ல திருப்புளி. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்புபோல் சரிந்திருக்கும். திருகும்போது அது ஸ்க்ரூவின் வெட்டிலிருந்து மேலே வழுக்கி, வெட்டின் உதட்டைச் சிதைத்துவிடும். பழைய ரீல்களில் நீங்கள் காணும் கிழிந்த ஸ்க்ரூத் தலைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். துப்பாக்கி, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் இணைமுகத் திருப்புளி வாங்குங்கள். அல்லது மலிவான திருப்புளியின் முனையை அரத்தால் ராவி, இரு முகங்களும் இணையாக, வெட்டின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் சரியாக உட்காரும்படி செய்துகொள்ளுங்கள். முனையை வெட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் திருப்புளி தானாக நிற்க வேண்டும். அதுவே சரியான பொருத்தம்.

மற்றவை எல்லாம் வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ கிடைப்பவை: பழைய பல்துலக்கி இரண்டு, மூங்கில் பல்குச்சி, மண்ணெண்ணெய் 100 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம், துரு இளக்கும் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், வெள்ளை லித்தியம் கிரீஸ், 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பர், விட்டம் அளக்கும் வெர்னியர், ஹேர் டிரையர். பாகங்களை வைக்க முட்டை அட்டை ஒன்று. கழற்றிய வரிசையில் குழிகளுக்கு எண் போட்டு வைத்தால் திரும்பப் பொருத்தும்போது தவறே வராது.

கழற்றுதல்

1. வேலை செய்யும் இடத்தில் வெள்ளைத் துணி விரியுங்கள். கறுத்த ஸ்பிரிங் தரையில் விழுந்தால் கண்ணுக்குப் படாது.

2. ஸ்பூலின் நடுவிலுள்ள சிறு நெம்புகோலை நகர்த்தி ஸ்பூலை நேராக வெளியே இழுங்கள். வரவில்லையென்றால் நெம்பாதீர்கள். ஸ்பிண்டிலைச் சுற்றி இரண்டு துளி துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் ஹேர் டிரையரால் நடுப்பகுதியைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்பூலை இடமும் வலமுமாகத் திருகியபடி இழுங்கள்.

3. நாக்கையும் ஸ்பிரிங்கையும் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுங்கள். நாக்கின் எந்த முகம் மேலே இருந்தது, ஸ்பிரிங்கின் எந்தக் கால் எங்கே சாய்ந்திருந்தது என்பது தெளிவாகத் தெரியும்படி இரண்டு கோணங்களில் எடுங்கள்.

4. ஸ்பிரிங்கை எடுக்கும்போது மறு கையின் விரலால் மூடிக்கொள்ளுங்கள். அது துள்ளும்.

5. லைன் கார்டு (லைன் உரசி வெளியேறும் இடத்திலுள்ள காப்பு), ரீலின் பாதம் (தூண்டிலில் பொருத்தும் அடித்தகடு) ஆகியவற்றின் ஸ்க்ரூக்களைத் தேவையிருந்தால் மட்டும் கழற்றுங்கள். உறுதியாக இருக்கிற ஒன்றை அழகுக்காகக் கழற்ற வேண்டாம்.

அசையாத ஸ்க்ரூவுக்குச் சூடே மருந்து. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் ஒரு மீட்டரில் 23 மைக்ரான் விரியும், பித்தளை 19, எஃகு 12 மட்டுமே. ஆகவே எஃகு ஸ்க்ரூ இருக்கும் அலுமினிய ஃபிரேமைச் சூடாக்கினால் துளை ஸ்க்ரூவைவிடச் சற்று அதிகமாக விரிந்து பிடி தளரும். ஹேர் டிரையரை ஐந்து நிமிடம் காட்டி, திருப்புளியைச் செங்குத்தாக அழுத்தி, முதலில் சற்று இறுக்குகிற திசையில் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். கேஸ் அடுப்பு, டார்ச் எதுவும் வேண்டாம். பெயிண்ட் கொப்பளிக்கும். பழைய கைப்பிடிகள் சில செல்லுலாய்டில் செய்தவை, அது தீப்பற்றக்கூடிய பொருள்.

கழற்றிய ஸ்க்ரூ தொலைந்தாலோ தலை சிதைந்தாலோ கையில் கிடைத்த மெட்ரிக் அளவு எம்3 ஸ்க்ரூவைத் திணிக்கும் ஆசை வரும். அங்கேதான் பல நல்ல ஃபிரேம்கள் பாழாகின்றன. பழைய பிரிட்டிஷ் ரீல்களில் பெரும்பாலும் இருப்பது பி.ஏ. எனப்படும் பிரிட்டிஷ் அசோசியேஷன் மரை. 6 பி.ஏ. ஸ்க்ரூவின் விட்டம் 2.8 மி.மீ., மரை இடைவெளி 0.53 மி.மீ., மரைக்கோணம் 47.5 டிகிரி. எம்3-இன் விட்டம் 3 மி.மீ., இடைவெளி 0.5, கோணம் 60. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வலிந்து ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு அலுமினியத்தின் மரையை வழித்துக்கொண்டு போகும். வெர்னியரில் விட்டத்தை அளந்து பாருங்கள்: 3.6 மி.மீ. என்றால் 4 பி.ஏ., 2.8 என்றால் 6 பி.ஏ., 2.2 என்றால் 8 பி.ஏ. மாடல் என்ஜின் செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் இணையக் கடைகளில் இவை இன்றும் பொட்டலமாகக் கிடைக்கின்றன.

கழுவுதல்

இறுகிய கிரீஸை மண்ணெண்ணெய் இளக்கும். எஃகு, பித்தளைப் பாகங்களை ஒரு கிண்ணத்தில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேயுங்கள். ஃபிரேமையும் ஸ்பூலையும் ஊறவைக்கத் தேவையில்லை, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். பிறகு எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரத் திரவம் விட்டுக் கழுவி, உடனே துடைத்து, ஹேர் டிரையரால் மூலைமுடுக்கை உலர்த்துங்கள். கைப்பிடியை நீரில் ஊறப்போட வேண்டாம். பழைய பிளாஸ்டிக் வகைகள் சில நீர் குடித்து உப்பி, பிறகு வெடிக்கும். அசிட்டோன், நெயில் பாலிஷ் அகற்றும் திரவம் ஆகியவை செல்லுலாய்டுக் கைப்பிடியைக் கரைத்தே விடும்.

காரமான எதையும் அலுமினியத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள். சலவைச் சோடா, காஸ்டிக் சோடா, அடுப்பு எண்ணெய்ப்பிசுக்கு நீக்கும் ஸ்பிரே, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மாத்திரை எல்லாமே அலுமினியத்தின் மேற்படலத்தைத் தின்று, கறுத்த கறையை விட்டுச்செல்லும். அந்தக் கறை எளிதில் போகாது.

உப்புநீர் கண்ட ரீலில் ஸ்க்ரூக்களைச் சுற்றியும் பாதத்தின் அடியிலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அலுமினியத்தோடு பித்தளையோ எஃகோ ஒட்டி, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் சின்ன பேட்டரி உருவாகிவிடுகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். பொடியை மூங்கில் குச்சியால் சுரண்டி, வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, நன்றாக நீர்விட்டு அலசுங்கள். அடியில் குழிகள் தெரியும். அவற்றைத் தேய்த்து மறைக்க முயன்றால் சுற்றியுள்ள உலோகம் மெலியும், குழி அப்படியே இருக்கும். விட்டுவிடுங்கள். திரும்பப் பொருத்தும்போது ஸ்க்ரூவின் மரையிலும் பாதத்தின் அடியிலும் துளி கிரீஸ் தடவினால் ஈரம் புகாது, அரிப்பும் தொடராது.

இரும்புக் கம்பளியை எஃகு ஸ்பிண்டிலில் மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் 0000 என்ற மிகச் சன்னமான வகையை எண்ணெயோடு சேர்த்து. அலுமினியத்தில் தேய்த்தால் இரும்புத் துகள்கள் பதிந்து, அங்கங்கே புதிய அரிப்பு தொடங்கும்.

தேய்ந்ததையும் உடைந்ததையும் சரிசெய்தல்

நாக்கிலிருந்து தொடங்குவோம். பூதக்கண்ணாடியில் அதன் முனையைப் பாருங்கள். கூர்மையான ஆப்புபோல் இருக்க வேண்டியது வழவழவென உருண்டிருந்தால் பல்லைப் பிடிக்காமல் நழுவும். பல ரீல்களில் நாக்கு ஒரு பக்கமே தேய்ந்திருக்கும். புரட்டிப்போட வாய்ப்பிருந்தால் செலவில்லாமல் வேலை முடிந்தது. இல்லையென்றால் எண்ணெய்க் கல்லில் முனையின் இரு சரிவுகளையும் பழைய கோணத்திலேயே சில இழுப்பு இழுத்துக் கூர்மையாக்குங்கள். அரை மி.மீ. வரை எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் நாக்கு குட்டையாகிப் பற்களின் அடிவரை எட்டாது.

புதிய நாக்கு செய்வதும் எளிதே. அதே கனமுள்ள பித்தளைத் தகட்டில் பழைய நாக்கை வைத்துக் கோடு கீறி, முதலில் அச்சுத்துளையைத் துளைத்து, பிறகு வெளிவடிவத்தை அறுத்து அரத்தால் ராவுங்கள். துளையைக் கடைசியில் போட்டால் சிறு துண்டு துளைப்பானில் சிக்கிச் சுழன்று விரலைக் கிழிக்கும். பித்தளை எஃகைவிட விரைவில் தேயும் என்பது உண்மை. ஆனால் தேய்வது மலிவான நாக்காக இருந்தால், மாற்றக் கிடைக்காத பல்சக்கரம் பிழைத்துக்கொள்ளும்.

ஸ்பிரிங் உடைந்திருந்தால் தட்டை வகையா கம்பி வகையா என்று பாருங்கள். தட்டை ஸ்பிரிங்குக்கு, இடைவெளி அளக்க என்ஜின் மெக்கானிக் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் தகடு அருமையான மூலப்பொருள். 0.4, 0.5 மி.மீ. என்று கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும், எஃகும் ஏற்கெனவே பதமிட்டது. தகட்டை நீளவாக்கில் சாணையில் மெலிதாக்கும்போது ஐந்து வினாடிக்கு ஒருமுறை நீரில் தோயுங்கள். அதிகம் சூடேறினால் அந்த இடத்தில் பதம் போய்விடும், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். மடிப்பைக் கூர்மையாக மடிக்காமல் 3 மி.மீ. கம்பியைச் சுற்றி வளைப்பதுபோல் வளையுங்கள். கூர்மையாக மடித்தால் பட்டென்று முறியும். கம்பி வகை என்றால் 0.8 மி.மீ. பியானோ கம்பியில் தொடங்கி, அழுத்தம் போதாவிட்டால் 0.9-க்குப் போங்கள்.

ஸ்பூல் லொடலொடவென்று ஆடினால் இரண்டு வகை ஆட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். முன்னும் பின்னுமான ஆட்டம் என்றால் 0.1 மி.மீ. பித்தளை ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய) தகட்டில் வளையம் வெட்டி ஸ்பிண்டிலின் அடியில் போட்டால் தீர்ந்தது. பக்கவாட்டு ஆட்டம் என்றால் ஸ்பூலின் நடுவில் ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் குழாய் (புஷ்) தேய்ந்திருக்கிறது. புதிய பித்தளைப் புஷ் கடைய லேத் வேண்டும். ஸ்பிண்டிலின் விட்டத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து, ஸ்பூலையும் ஸ்பிண்டில் நிற்கும் ஃபிரேமையும் லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஸ்பூல் தானாகக் கழன்று விழுகிறதா? ஸ்பிண்டில் நுனியிலுள்ள பள்ளத்தில் சென்று பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள்தான் காரணம். அதன் மூடியின் சிறு ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே பாருங்கள். பெரும்பாலும் மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து தாழ்ப்பாளைப் பாதிவழியிலேயே நிறுத்தியிருக்கும். கழுவினால் போதும். ஆற்று நடுவே ஸ்பூல் கழன்று போவதைவிடக் கொடுமை வேறில்லை என்பதால், எந்த ரீலிலும் இந்த மூடியைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள்.

ஒடுக்கு எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. கீழே விழுந்த ரீலில் ஸ்பூலின் விளிம்பு ஓரிடத்தில் உள்ளே போயிருக்கும். எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க, ஃபிரேமின் உள்விளிம்பில் மார்க்கர் பேனாவால் வட்டமாக மை தடவி, ஸ்பூலைப் பொருத்தி நான்கு சுற்றுச் சுற்றுங்கள். மை எங்கே வழிக்கப்பட்டிருக்கிறதோ அங்கே ஸ்பூல் தொடுகிறது. மை ஸ்பூலின் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் என்றால் குற்றம் ஸ்பூலில். ஸ்பூலைச் சுற்றி முழுக்க மை ஒட்டி, ஃபிரேமில் ஓரிடம் மட்டும் வழிக்கப்பட்டிருந்தால் குற்றம் ஃபிரேமில்.

சுத்தியலை எடுக்காதீர்கள். வார்ப்பு அலுமினியம் பாத்திரத் தகடு போன்றதன்று, அடி தாங்காமல் விரிசல் விடும். தட்டுவதற்குப் பதில் அழுத்த வேண்டும். விளிம்பின் வளைவுக்குப் பொருந்தும்படி தேக்குத் துண்டு இரண்டைச் செதுக்கி, ஒன்றை உள்ளேயும் மற்றதை வெளியேயும் வைத்து, ஜி-கிளாம்பால் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் தளர்த்தி, ஸ்பூலைப் பொருத்திப் பாருங்கள். பத்து முறை அழுத்த வேண்டியிருந்தாலும் சரியே. விளிம்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சுற்றிலும் 0.3 முதல் 0.5 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் சன்னமான நைலான் நுனிநூல் இடுக்கில் நுழைந்து சிக்கும். ஃபிரேமின் தூண்களில் விரிசல் இருந்தால் அந்த ரீலை உதிரிப்பாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லைன் கார்டில் லைன் அறுத்த பள்ளம் இருக்கிறதா என்று பழைய நைலான் காலுறையை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் ஃப்ளை லைனின் பூச்சும் மாட்டும். வாட்டர் பேப்பரை நாடாபோல் வெட்டி, ஷூ பாலிஷ் போடுவதுபோல் முன்னும் பின்னும் இழுத்து 600, 1000 என்று முடியுங்கள்.

பாதத்தைப் பற்றி ஒன்று. பழைய ரீல்களில் பாதத்தின் இரு நுனிகளையும் யாரோ ராவியிருப்பார்கள். தங்கள் தூண்டிலின் பிடியில் நுழையாததால் செய்த வேலை அது. பயன்பாட்டுக்குக் குறையில்லை, விற்பனை மதிப்புக்குக் குறை. உங்கள் ரீல் பிடியில் நுழையவில்லையென்றால் பாதத்தைத் தொடாமல், பிடியின் வளையத்தை மாற்றுங்கள்.

எண்ணெய்

ஸ்பிண்டிலுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி, அல்லது விரல்நுனியில் ஒட்டும் அளவு கிரீஸ். பல்சக்கரத்துக்கும் நாக்குக்கும் ஓர் அரிசி அளவு கிரீஸ், பற்களின் மேல் சன்னமாகப் பரவும்படி. கைப்பிடியின் அச்சுக்கு அரைத்துளி எண்ணெய். இதற்குமேல் போடுவதெல்லாம் மணலைப் பிடித்து வைக்கும் பசை.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தொடாதீர்கள். ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. ட்ரவுட் வாழும் குளிர்ந்த ஆற்றங்கரையில் ரீல் இறுகி நிற்கும். மற்ற சமையல் எண்ணெய்கள் பல காற்றில் பிசினாகும். டபிள்யூடி-40 கழுவ உதவும், உயவுக்காக நம்பி விடக்கூடிய எண்ணெய் அன்று. கழுவிய பின் துடைத்துவிட்டு உரிய எண்ணெய் இடுங்கள்.

கை மாற்றுவது

நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வதில் முதலில் செய்யத் தகுந்தது இதுவே, திரும்பப் பழையபடி மாற்றவும் முடியும். இடக்கையால் சுற்றும் ரீலை வலக்கைக்கோ, வலக்கை ரீலை இடக்கைக்கோ மாற்ற, நாக்கைப் புரட்டிப்போட வேண்டும். உள்ளே சுற்றும்போது இலேசாகவும் வெளியே இழுக்கும்போது கனமாகவும் இருப்பது நாக்கு எந்தப் பக்கம் சாய்ந்து ஸ்பிரிங்கை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. சில மாடல்களில் இரண்டு நாக்குகள் இருக்கும், ஒன்றை விலக்கி மற்றதைப் பூட்டினால் போதும். லைன் கார்டும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, லைன் ஃபிரேமின் ஓரத்தில் உரசி ஒரே பருவத்தில் பூச்சு உரிந்தபின் காரணம் தேடுகிறார்கள்.

புதிய கைப்பிடி

வெடித்த கைப்பிடிக்குப் பதிலாகக் கருங்காலி மரத்திலோ ஈட்டி மரத்திலோ கடைந்து போட்டால் ரீலின் முகமே மாறிவிடும். பழைய கைப்பிடியின் அச்சு ஸ்பூலின் உட்புறத்தில் ரிவெட்போல் அடித்து மடக்கப்பட்டிருக்கும். மடக்கிய தலையை மட்டும் சிறு துளைப்பானால் மெல்ல எடுத்து, அச்சை வெளியே தள்ளுங்கள். புதிய அச்சுக்கு 3 மி.மீ. பித்தளைக் கம்பி. மரத்தில் 3.2 மி.மீ. துளை. இந்த 0.2 மி.மீ. தளர்வு அவசியம், இல்லாவிட்டால் ஈரத்தில் மரம் உப்பும்போது கைப்பிடி இறுகக்கூடும். லேத் இல்லாதவர்கள் மரத்துண்டை ஒரு போல்ட்டில் மாட்டி, வைஸில் நிலையாகக் கட்டிய கை டிரில்லில் சுழற்றி, அரத்தாலும் உப்புத்தாளாலும் வடிவம் கொடுக்கலாம். அச்சின் உள்நுனி ஸ்பூல் தகட்டோடு சமமாக முடிய வேண்டும். அரை மி.மீ. துருத்தினாலும் லைன் அங்கே போய் மாட்டும். ஸ்க்ரூவால் பிடித்தால் கழற்றக்கூடிய, பலம் குறைந்த திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். அது பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில வகை விரிசல் விடும்.

எடையைக் குறைக்க ஸ்பூலில் புதிதாகத் துளைகள் போடும் ஆசையை விட்டுவிடச் சொல்கிறோம். குறைவது சில கிராம். துளைகள் சரியாக எதிரெதிரே அமையாவிட்டால் ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது ரீலே குலுங்கும். போட்ட துளையை அடைக்கவும் முடியாது.

பெயிண்ட்

பழைய பெயிண்ட் பாதிக்கு மேல் உரிந்திருந்தால்தான் இதைத் தொடங்குங்கள். ஜெல் வகைப் பெயிண்ட் நீக்கியில் காஸ்டிக் இல்லை என்று லேபிளில் உறுதி செய்துகொண்டு, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பூசி உரியுங்கள். பிறகு 400, 600 வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து, தின்னரால் துடையுங்கள். அதன்பின் வெறும் விரல் படக்கூடாது.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். சாதாரணப் பெயிண்ட் அதன்மேல் ஒட்டாமல் சில மாதத்தில் தோலாக உரியும். ஆகவே உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் கட்டாயம். அதன்மேல் சன்னமாக இரண்டு கோட் கறுப்போ ஈயச்சாம்பலோ அடியுங்கள். அதோடு நிறுத்துங்கள். ஒரு கோட் 25 மைக்ரான் என்று வைத்தால் பிரைமரும் இரண்டு கோட்டும் சேர்ந்து 0.075 மி.மீ. ஸ்பூல் விளிம்பு, ஃபிரேம் உள்முகம் என இரண்டிலும் சேர்த்தால் 0.15. முன்பு 0.3 மி.மீ. இருந்த இடைவெளியில் பாதி பெயிண்டுக்கே போய்விட்டது. ஆர்வத்தில் ஐந்தாறு கோட் அடித்து, பளபளக்கும் ரீலைப் பொருத்தியதும் சுற்றாமல் நிற்பது இதனால்தான். எதிரெதிர் உரசும் முகங்களையும், மரைகளையும், ஸ்பிண்டிலையும், புஷ்ஷையும், பாதத்தின் அடியையும் மறைநாடாவால் மூடிவிட்டு அடியுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு வாரம் தொடாமல் வையுங்கள்.

பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்தால் வலுவான பூச்சு கிடைக்கும். ஆனால் அது 180 முதல் 200 டிகிரியில் வேகவைக்கப்படுவது. கைப்பிடி, ஸ்பிரிங், ஈயப்பற்று வைத்த பாகம் எதுவும் கூடவே போகக்கூடாது, கனமும் பெயிண்டைவிட அதிகம். அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தை அமிலத் தொட்டியில் மின்சாரத்தால் தடிப்பாக்கும் அனோடைசிங்கை வீட்டில் முயல வேண்டாம். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் வாயுவும் ஒருபக்கம் இருக்க, ஃபிரேமில் பதித்த பித்தளையும் எஃகும் அந்தத் தொட்டியில் கரையும். வார்ப்பு அலுமினியத்தில் கலந்திருக்கும் சிலிக்கானால் நிறமும் திட்டுத்திட்டாக, கறுத்து வரும்.

பொருத்தி, லைன் ஏற்றுதல்

முட்டை அட்டையின் கடைசிக் குழியிலிருந்து முதல் குழிக்கு வாருங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் "டக்" என்று விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் மரை மாறி ஏறாது.

ஸ்பிரிங்கின் அழுத்தத்தை இப்படிப் பாருங்கள்: குமிழைப் பாதியில் வைத்து, லைனை இரண்டடி வெடுக்கென்று இழுத்துக் கையை நிறுத்துங்கள். கை நின்றதும் ஸ்பூலும் நிற்க வேண்டும். லைன் வளையம் வளையமாகத் தளர்ந்தால் கால் சுற்று இறுக்குங்கள்.

ஸ்பூலில் எவ்வளவு பேக்கிங் (ஃப்ளை லைனுக்கு அடியில் சுற்றும் சன்னமான நீளக் கயிறு) பிடிக்கும் என்று கணக்குப் போடுவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஃப்ளை லைனை முதலில் சுற்றுங்கள். அதன்மேல் 20 பவுண்டு டேக்ரான் பேக்கிங்கைக் கட்டி, விளிம்புக்கு 5 மி.மீ. கீழே வரும்வரை சுற்றி வெட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு வெற்று ஸ்பூலிலிருந்து இன்னொன்றுக்கு என இருமுறை மாற்றியோ, இரண்டு மரங்களைச் சுற்றியோ அவிழ்த்து, தலைகீழாக, பேக்கிங் அடியில் வரும்படி ஏற்றுங்கள். 81 மி.மீ. விட்டமுள்ள ஹார்டி எல்.ஆர்.எச். லைட்வெயிட் போன்ற ரீலில் 5-ஆம் எடை எண் லைனும் ஓரளவு பேக்கிங்கும் நெருக்கடியின்றி அடங்கும். பேக்கிங்கை ஈரத்துணிக்கு நடுவே பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து, ஓடவேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்ளும்.

முதல் நாள் ஆற்றிலிருந்து வந்ததும் ஸ்பூலைக் கழற்றி, குமிழை முழுவதும் தளர்த்தி, துணிப்பையில் வையுங்கள். தோல்பெட்டி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் வைத்த ரீலில்தான் அந்த வெள்ளைப் பொடி மறுபடி பூக்கிறது.